செம்புரோங் அணையும் ஒரு பிறப்புப் பத்திரமும்



ஆண்டிறுதி நெருங்கினால் எனக்கு ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்துவிடும். அவன் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. இந்நேரம் வளர்ந்து எங்கேனும் வேலை பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு நான் வகுப்பறையில் சொன்ன ஒரு தவறான வார்த்தையே இக்கட்டுரைக்குக் காரணம். வரலாற்றைச் சரியாக அறியாத ஆசிரியர் சொல்லும் ஆறுதல் எவ்வளவு இழப்பைத் தரும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அதனால் இன்று ஒரு சிறு மண் அணையின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

2007 ஜனவரி

ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு, 2007 ஜனவரியில் என் முதல் பணியிடத்திற்குச் சென்றேன். ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிற்கு மேற்கே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி அது. அதற்கு முந்திய மாதம்தான், 2006 டிசம்பர் 19ஆம் நாளையொட்டி, தென் மாநிலங்களில் பெருவெள்ளம் வந்திருந்தது. ஜொகூரின் பல இடங்களில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆனால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு அம்முறை தண்ணீர் வரவில்லை.

பள்ளி திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மீண்டும் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்திருந்த அவர்களைப் பார்த்து நான் சொன்னேன்: "மேலே அணை இருக்கிறது. போன மாதமே தண்ணீர் வரவில்லையே, இப்போது மட்டும் எப்படி வரும்? பயப்படாதீர்கள்."

அன்று இரவு தண்ணீர் வந்தது.

இரண்டு நாள் கழித்துத் துயர் துடைப்பு மையத்திற்குப் போனேன். என் வகுப்புப் பையன் ஒருவன் தன் தாத்தாவின் அருகில் பாயில் அமர்ந்திருந்தான். தகப்பனார் சிங்கப்பூரில் வேலை; தாயார் தோட்டத்தில். நண்பகலிலேயே மண்டோர் வந்து சாமான்களை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். மாலை வரை வாசல் காய்ந்தே இருந்ததால் தாத்தா நகரவில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்தபோது உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டி அங்கேயே கிடந்தது. பையனின் பிறப்புப் பத்திரம், தாய் தந்தையரின் திருமணப் பத்திரம், பாட்டியின் ஒரே நிழற்படம் யாவும் அதற்குள் இருந்தன.

"அணை இருக்கேன்னு இருந்துட்டோம் டீச்சரம்மா. பையனும் சொன்னான், டீச்சரே சொன்னாங்க, தண்ணி வராதுன்னு. கடைசியில அணையைத் தொறந்து விட்டுட்டாங்க போல" என்றார் அந்தப் பெரியவர்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. டீச்சர் சொன்னார் என்பதை ஒரு சான்றாகத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் வலித்தது. மாற்றுப் பத்திரம் எடுப்பதற்காக அவன் தாயார் நாள்கூலியை இழந்து பல நாள் அலைந்தார். அந்த அலைச்சலில் எனக்கும் பங்குண்டு.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2014இல், தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாக அறிமுகமானது. வசிப்பிடத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், நம்ம பக்கத்து அணையை எதுக்குக் கட்டுனாங்க?" எனக்கு விடை தெரியவில்லை. அன்றுதான் தேடத் தொடங்கினேன்.

பாரிட் என்னும் பெயர்கள்

மேற்கு ஜொகூரின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். பாரிட் என்றால் மலாய்மொழியில் வாய்க்கால். கடலோரம் முழுவதும் தாழ்ந்த சதுப்பு நிலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஜாவாவிலிருந்தும் போர்னியோவின் பஞ்சார் பகுதியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் மண்வெட்டியால் வாய்க்கால் தோண்டி, நீரைக் கடலுக்கு வடித்து, தென்னையும் பாக்கும் நட்டார்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு தலைவர் இருந்தார். வாய்க்கால்தான் ஊர், ஊரின் பெயரும் அதுவே.

உள்நாட்டுப் பக்கம் நிலம் சற்று மேடு. 1909இல் ஜொகூர் வழியாக இரயில் பாதை திறக்கப்பட்டபின் குளுவாங் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் பாட்டன் பாட்டிமார் பலர் அங்குதான் பால் மரம் சீவினார்கள். ஆக, மேட்டில் தோட்டங்கள், தாழ்வில் வாய்க்கால் ஊர்கள், இரண்டுக்கும் நடுவே செம்புரோங், பெக்கோக் போன்ற ஆறுகள். இந்த ஆறுகளின் நீர் இறுதியில் பத்து பகாட் ஆற்றின் வழியே மலாக்கா நீரிணையில் சேர்கிறது.

இந்த அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. மேட்டில் காடு இருந்த காலத்தில் மழைநீர் மெதுவாக இறங்கியது. காடு தோட்டமாக மாறியபின் அதே மழை விரைவாக ஆற்றுக்கு வந்தது. ஆனால் கீழே கடலோரத்தில் நிலம் ஏறக்குறையக் கடல் மட்டத்தில் இருக்கிறது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் உள்ளே வராமல் இருக்க நீர்க்கதவுகளை மூடவேண்டும். கதவு மூடிய நேரத்தில் மேட்டுநீரும் வந்து சேர்ந்தால் அது எங்கே போகும்? வயலிலும் வீட்டிலும்தான் நிற்கும்.

1971க்குப் பின்

1971 ஜனவரியில் தீபகற்பம் முழுவதையும் பெருவெள்ளம் தாக்கியது. கோலாலம்பூரே மூழ்கியது. அதுவரை வெள்ளம் என்பது ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி என்றே பலர் எண்ணியிருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 1932இல் தொடங்கப்பட்ட வடிகால் நீர்ப்பாசனத் துறை அதுவரை பெரும்பாலும் நெல்வயல்களுக்காகவே உழைத்து வந்தது; வெள்ளத் தணிப்பும் அதன் பெரும்பணிகளுள் ஒன்றானது.

அணை கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. பேராக் மாநிலத்தின் கிரியான் வட்டாரத்தில் நெல்லுக்காகக் கட்டப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம் 1906லேயே முடிந்துவிட்டது. ஆனால் தண்ணீரைச் சேமிக்கக் கட்டும் அணை வேறு. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டும் அணை வேறு. இந்த வேறுபாடு நம் கதைக்கு முக்கியமானது.

1974இல் உலக வங்கியின் கடனுதவியுடன் மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கடலோரக் கரைகள் உயர்த்தப்பட்டன, நீர்க்கதவுகள் அமைக்கப்பட்டன, பழைய பாரிட்டுகள் அகலமாக்கப்பட்டன. கீழே எவ்வளவு செய்தாலும் மேலிருந்து நீர் ஒரே மூச்சில் வந்தால் பயனில்லை. அந்த மேட்டுநீரைச் சற்று நேரம் நிறுத்திவைக்க 1984இல் செம்புரோங் அணையும் 1990இல் பெக்கோக் அணையும் கட்டி முடிக்கப்பட்டன.

ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங் செல்லும் சாலை வட்டாரத்தில்தான் செம்புரோங் அணை இருக்கிறது. அணை என்றதும் உயர்ந்த கற்சுவரைக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஏறத்தாழ 11 மீட்டர் உயரமுள்ள, புல் மூடிய ஒரு நீண்ட மேடு. அவ்வளவுதான். பல பிள்ளைகள் அதை ஒரு சிறு குன்று என்றே நினைத்திருந்தார்கள்.

மண்ணால் நீரை நிறுத்துவது எப்படி?

மண் நீரில் கரையும். பிறகு மண்ணால் எப்படி அணை கட்டுவது? இக்கேள்வியை மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள்.

தளர்வான மண்தான் கரையும். களிமண் கலந்த மண்ணைச் சரியான ஈரத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, குளம்பு போன்ற முனைகள் கொண்ட கனத்த உருளையால் மிதித்து, அதன்மேல் அடுத்த அடுக்கைப் பரப்பி, மீண்டும் மிதித்து இப்படியே உயர்த்தினால் நீர் அதனூடே மிக மெதுவாகவே கசியும். நம் முன்னோர் ஏரிக்கரைகளைக் கட்டியபோது மாட்டையும் மனிதரையும் கொண்டு மிதித்ததும் இதே கணக்குத்தான். அணையின் அடிப்பாகம் உயரத்தைப்போல் பல மடங்கு அகலமாக இருக்கும். நீர்ப்பக்கம் அலை அரிக்காமலிருக்கக் கல் பதிப்பார்கள். மறுபக்கம் மழை அரிக்காமலிருக்கப் புல் வளர்ப்பார்கள். மரம் வளர விடமாட்டார்கள். வேர் அழுகினால் அங்கே ஒரு குழாய் உண்டாகிவிடும். கறையான் புற்றும் அப்படியே.

மண் அணையில் கசிவு இருப்பது குற்றமில்லை. கசியும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்பதே கேள்வி. கலங்கலாக வந்தால் உள்ளே இருக்கும் மண் அரித்துக்கொண்டு வெளியேறுகிறது என்று பொருள். அது பேராபத்து.

மண் அணைக்கு இன்னொரு பெரும் எதிரி, அதன் உச்சியைத் தாண்டி வழியும் நீர். கற்காரை அணை சிறிது நேரம் தாங்கலாம். மண் அணையின் மேல் நீர் வழிந்தால் அது மண்ணைச் சீவிக்கொண்டு போய், சில மணி நேரத்தில் அணையையே உடைத்துவிடும். அதனால்தான் உச்சிக்குக் கீழே, ஓர் ஓரத்தில், உறுதியான கட்டுமானத்தில் ஒரு வழிவாயில் வைப்பார்கள். தமிழில் அதற்குக் கலிங்கு என்ற பழைய சொல் இருக்கிறது. ஏரி நிறைந்தால் மிகைநீர் கலிங்கின் வழியாக வெளியேறும், கரை பிழைக்கும்.

கலிங்கை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரும்பாடம் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை இருந்தது. அதை வாங்கிய ஒரு செல்வந்தர் மன்றம் அங்கே மீன்பிடித்து மகிழ்ந்தது. அணையின் அடியில் இருந்த வெளியேற்றுக் குழாய்கள் முன்னரே அகற்றப்பட்டு, மீண்டும் பொருத்தப்படவில்லை. வண்டி போவதற்காக உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாமலிருக்க வழிவாயிலில் கம்பி வலைகள் வைக்கப்பட்டன. 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் நீர் உச்சியைத் தாண்டியது, அணை உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தனர்.

இதைப் படித்தபின் அந்தத் தாத்தா சொன்ன சொல்லுக்கு எனக்கு விடை கிடைத்தது. "அணையைத் தொறந்து விட்டுட்டாங்க" என்று ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் யாராவது சொல்வார்கள். வெள்ளத் தணிப்புக்கான சிறு மண் அணைகள் பலவற்றில் திறந்துவிடுவதற்கு மேலே கதவே இருப்பதில்லை. நீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டால் தானாக வழியும். அப்படி வழிவதுதான் அணையையும், அதற்குக் கீழே வாழும் நம்மையும் காப்பாற்றுகிறது.

இரண்டு புட்டிகள்

வழியும் அணையால் என்ன பயன்? இதை நான் வகுப்பில் இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளைக் கொண்டு விளக்குவது வழக்கம். ஆசிரியர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

இரண்டு பெரிய புட்டிகளின் மேற்பாகத்தை வெட்டிவிடுங்கள். இரண்டிலும் அடியில் ஒரு சிறு துளை. மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒரு பெரிய துளை. அடித்துளை ஆற்றின் வழக்கமான போக்கு, மேல்துளை கலிங்கு. முதல் புட்டி காலியாக இருக்கட்டும். இரண்டாவதன் அடித்துளையை அடைத்து, மேல்துளை வரை நீர் நிரப்பி, பிறகு அடைப்பை எடுத்துவிடுங்கள். உடனே ஒரே அளவான குவளை நீரை இரண்டிலும் வேகமாக ஊற்றச் சொல்லுங்கள். மாணவர்கள் நொடிகளை எண்ணட்டும்.

காலிப் புட்டியில் நீர் ஏறும். அடித்துளை வழியே மட்டும் மெல்லிதாக, நெடுநேரம் ஒழுகும். நிரம்பிய புட்டியோ ஊற்றிய கணமே மேல்துளையில் கொட்டும். அது இருந்தும் இல்லாதது போலத்தான்.

"அப்படின்னா அணை காலியா இருந்தாத்தான் நல்லதா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஆம். வெள்ளத் தடுப்பு அணையின் செல்வம் அதில் இருக்கும் நீரன்று. அதில் இருக்கும் காலியிடமே.

இப்போது உண்மைக் கணக்கிற்கு வருவோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதைச் செய்துவிடுவார்கள். செம்புரோங் அணைக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பு சுமார் 130 சதுர கிலோமீட்டர். அணையின் கொள்ளளவு சுமார் 18 மில்லியன் கன மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 கன மீட்டர் நீர். எனவே 130 சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 13 மில்லியன் கன மீட்டர். ஏற்கெனவே நனைந்த நிலம் அதைக் குடிக்காது. பெரும்பகுதி அணைக்கே வரும். அணை முழுவதும் காலியாக இருந்தால் தாங்கும். 200 மில்லிமீட்டர் பெய்தால் 26 மில்லியன். முழுவதும் காலியாக இருந்தாலும் தாங்காது. பாதி நிரம்பியிருந்தால்? மாணவர்களே விடை சொல்லிவிடுவார்கள்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் நடந்ததை இப்படிப் பார்த்தால் புரியும். முதல் மழை நிலத்தை நனைத்தது. ஆறுகளையும் தேக்கங்களையும் நிறைத்தது. நான்கு வாரத்தில் வந்த இரண்டாம் மழைக்கு மண்ணிலும் இடமில்லை, தேக்கத்திலும் இடமில்லை. "போன மாதமே வரவில்லையே" என்று நான் சொன்னது தலைகீழான பாடம். போன மாதம் வராமல் காத்த அந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டதால்தான் இம்மாதம் வரும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவ்விரு வெள்ளங்களிலும் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 18 பேர் உயிரிழந்தனர். பத்து பகாட் வட்டாரத்தில் நீர் வடிய வாரக்கணக்கில் ஆனது.

காலி அணைக்கு வந்த புதுவேலை

அணை கட்டி முடிந்ததும் அதன் பின்னே சுமார் 8.5 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஓர் ஏரி உண்டாயிற்று. குளுவாங்கும் பத்து பகாட்டும் வளர்ந்துகொண்டிருந்தன. தொழிற்சாலைகள் வந்தன, வீடமைப்புகள் வந்தன, குடிநீர் தேவைப்பட்டது. வெள்ளத்திற்காகக் கட்டிய அணை குடிநீருக்கும் மூலமாயிற்று.

இதில் யாரையும் குறை சொல்ல இயலாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் ஒரே அணையிடம் நாம் இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். வறட்சிக்கு அஞ்சி நிறைந்திரு என்கிறோம். மழைக்கு அஞ்சிக் காலியாயிரு என்கிறோம். ஏரியின் பரப்பைக் கொள்ளளவோடு ஒப்பிட்டால் சராசரி ஆழம் இரண்டு மீட்டருக்குச் சற்றே அதிகம். இவ்வளவு ஆழமற்ற ஏரியில் ஒவ்வோர் அடியும் பெரிய வேறுபாடு.

போதாக்குறைக்குச் சுற்றியுள்ள நிலங்களிலிருந்து மழையோடு மண்ணும் உரமும் வந்து சேர்கின்றன. உரச்சத்து மிகுந்து நீரில் பாசி பெருகுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். படியும் மண் காலியிடத்தைத் தின்கிறது. அணை அதே உயரத்தில் நிற்கும். அதன் ஆற்றல் மட்டும் சிறிது சிறிதாகக் குறையும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

கீழேயும் ஒரு மாற்றம் நடக்கிறது. மேற்கு ஜொகூரின் தாழ்நிலங்களில் பல இடங்களில் இருப்பது கரிச்சதுப்பு மண். அழுகாத இலைதழைகள் நீரில் ஊறி, பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த மண் அது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அது காய்ந்து, சிதைந்து, சுருங்கும். 1990களில் வெளிவந்த ஆய்வு, இவ்வட்டாரத்தில் நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்வதாகக் கணித்தது. ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்து ஆறாம் ஆண்டு முடிப்பதற்குள் 12 சென்டிமீட்டர்! நீரை வடிக்க வடிக்க நிலம் இறங்குகிறது. நிலம் இறங்க இறங்க நீரை வடிப்பது கடினமாகிறது. பாரிட் தோண்டிய முன்னோர் இதை அறிந்திருக்க வழியில்லை.

2023 மார்ச்சில் மீண்டும் வெள்ளம் வந்தது. ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பத்து பகாட்டும் யோங் பெங் வட்டாரமும் மிகவும் பாதிக்கப்பட்டன. அப்போதும் "அணை இருந்தும் ஏன் வந்தது?" என்ற கேள்வி எழுந்தது. அணை இல்லாதிருந்தால் நீர் எவ்வளவு விரைவாக வந்திருக்கும் என்று கேட்டவர் குறைவு. தடுத்த வெள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தடுக்க முடியாத வெள்ளம்தான் தெரிகிறது.

அணை தருவது நேரம்

இத்தனை தேடலுக்குப் பிறகு நான் அறிந்தது இதுதான். சிறிய மண் அணை வெள்ளத்தை ஒழிப்பதில்லை. அது நமக்கு நேரம் வாங்கித் தருகிறது. சிறு மழைகளை முற்றிலும் விழுங்கும். பெருமழையைச் சில மணி நேரம் தாமதப்படுத்தும். ஒரே மூச்சில் வரவேண்டிய நீரைப் பிரித்து அனுப்பும். கீழே கடல் இறங்கி நீர்க்கதவுகள் திறக்கும் வரை மேட்டுநீரைப் பிடித்துவைக்கும்.

2007இல் அந்தக் குடும்பத்திற்கும் நேரம் இருந்தது. நண்பகலில் எச்சரிக்கை வந்தது; இரவு ஒன்பது மணிக்குத்தான் தண்ணீர் வந்தது. ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்! இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தை "அணை இருக்கிறது" என்ற நம்பிக்கையில் வீணாக்கினார்கள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆகவே பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள்கள்:

1. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல், திருமணப் பத்திரம், மருத்துவ அட்டை ஆகியவற்றை நீர் புகாத ஒரே பையில் இட்டு, உயரமான இடத்தில் வையுங்கள். கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள். பத்திரமில்லாத பிள்ளை படும் பாட்டைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நன்கு அறிவோம்.

2. உங்கள் ஊருக்கு மேலே எந்த ஆறு, எந்த அணை என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் இணையத்தளத்தில் ஆற்று மட்டங்கள் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளில் வெளியிடப்படுகின்றன. அதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கலாம்.

3. ஒருமுறை வெள்ளம் வந்து வடிந்தவுடன் "இனி வராது" என்று எண்ணாதீர்கள். அடுத்த சில வாரங்களே ஆபத்தானவை.

4. வெளியேறச் சொன்னால், வாசல் காய்ந்திருந்தாலும் வெளியேறுங்கள். வாசல் காய்ந்திருக்கும் அந்த நேரம்தான் அணை நமக்குத் தந்த நேரம்.

வரலாறு என்றால் சுல்தான்களும் போர்களும் ஒப்பந்தங்களும் மட்டும்தான் என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். புல் மூடிய அந்த மேட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்திருந்தால் 2007இல் நான் வேறு விதமாகப் பேசியிருப்பேன்.

இப்போது மழைக்காலத்தில் பிள்ளைகள் சன்னலைப் பார்த்தால் "பயப்படாதீர்கள், அணை இருக்கிறது" என்று நான் சொல்வதில்லை. "அணை இருக்கிறது; அதனால் நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் உங்கள் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள்" என்று சொல்கிறேன்.

மறுநாள் காலையில் யார் யார் கேட்டார்கள் என்று கையுயர்த்தச் சொல்வேன். பெரும்பாலும் எல்லாக் கைகளும் உயரும்.